ஒரு வரிக் குறிப்பு: கை அறுவை சிகிச்சைப் பயிற்சியில் ஓராண்டு

எலும்பியலில் முதுநிலைப் படிப்பை முடித்த கையோடு, கொங்குப் பகுதி மருத்துவமனை ஒன்றில் கை அறுவை சிகிச்சைக்கான ஓராண்டு ஃபெலோஷிப்பில் சேர்ந்தேன். சில வாரங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறும் முறை அது.

முதல் சுற்றில் நோயாளியைத் தொட அனுமதியில்லை. கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த கோழித்தொடையின் ரத்தக் குழாயை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெறுங்கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத, முடியைவிட மெல்லிய டென்-ஓ நைலான் இழையால் தைத்துப் பழகினோம். விரலின் தமனி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டம்தான் என்பதால், ஊசி எதிர்ச்சுவரைக் கவ்விவிட்டால் குழாயே அடைபட்டுவிடும்.

அடுத்தது அவசரப் பிரிவு. பவர் பிரஸ், கரும்புச்சாறு இயந்திரம் ஆகியவற்றில் சிக்கியவர்களே மிகுதியாக வந்தனர். துண்டான விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவருவதுதான் பெரும் தொல்லை. அது திசுவை உறையச் செய்து கெடுக்கிறது. ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையிலிட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால், இப்படிக் குளிர்ந்து வந்த விரலை 12 மணி நேரம் கடந்தும் இணைக்க முடியும். தசையுள்ள முன்கைக்கு அந்த அவகாசம் கிடையாது.

மூன்றாவதாக இயன்முறைச் சிகிச்சை அறைக்கு அனுப்பியபோது, அறுவை அரங்கை விட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்றே மனம் கசந்தேன். இடம் மாற்றிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்காவிட்டால் சிகிச்சை வீண் என்பது, 1948 முதல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குச் செய்த தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) மாற்றத்தைப் படித்த எவரும் அறிந்ததே. அதை அறிந்தும் கசந்தேன். அங்கே என் நோயாளி ஒருவரின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இயன்முறை மருத்துவர் கேட்டார்: "டாக்டர், இதுல எத்தனை இழை போட்டீங்க?" உள்ளங்கை மடிப்புக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடையே, இரு தசைநாண்கள் ஒரே குழலுக்குள் ஓடும் இடத்தில் அந்த நோயாளிக்கு வெட்டுக் காயம். வெட்டைக் கடந்து நான்கு இழையிட்டுத் தைத்திருந்தால் நோயாளியே மெல்ல விரலை மடக்கலாம். இரண்டே என்றால் அறுந்துபோகும் அபாயம் கூடுதல். அசைக்காமலே விட்டாலோ குழலோடு ஒட்டிக்கொள்ளும். நானோ "தசைநாண் தைக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். நான் நான்கு இழை என்று சொன்னபோது, குறிப்பில் அது இல்லாததால் முதல் மூன்று வாரங்கள் எச்சரிக்கையான பயிற்சியிலேயே கழிந்துவிட்டிருந்தன, விரல் இறுகிவிட்டது.

அதன்பின் வந்த சுற்றில், மரப்பு மருந்தோடு, ரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் சேர்த்துச் செலுத்தி, நோயாளி விழித்திருக்கும்போதே தைத்துவிட்டு, அரங்கிலேயே விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கும் முறையைக் கற்றேன். ஒருமுறை தையல் வாயில் இடைவெளி விழுவதைக் கண்டு அங்கேயே மறுபடி தைத்தேன். இழைகளின் எண்ணிக்கை, மடக்கியபோது இடைவெளி விழுந்ததா, குழலின் எந்தப் பகுதியைத் திறந்தேன் ஆகியவற்றை இப்போது தவறாமல் எழுதுகிறேன்.

முந்தைய நோயாளிக்கு ஐந்து மாதம் கழித்து ஒட்டுதலைப் பிரிக்க மறுபடி அறுவை செய்ய நேர்ந்தது. அவருடைய மோதிர விரல் இன்றும் உள்ளங்கையைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளியே நிற்கிறது.