ராட்டையை ஏலத்தில் எடுத்தவர்

என் மாமியார் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்காரர். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தாத்தா சில்லிகாத்தி பக்கம் விவசாயம் பார்த்தவர், முப்பது வயதுக்குள் இறந்துவிட்டார். வீட்டில் அவ்வளவுதான் தெரியும்.

இறப்புச் சான்றிதழ் கிடைக்க வழியே இல்லை. ஓஹையோவில் கவுண்டிவாரியாக (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதைப் பதிய ஆரம்பித்ததே 1867இல்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 1850க்கு முன்பு குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1820 தாளில் அவர் பெயருக்கு நேரே 16 முதல் 26 வரையான கட்டத்தில் ஓர் ஆண், ஒரு பெண். பத்து வயதுக்குக் கீழே ஒரு பையன். 1830இல் அந்த இடத்தில் மனைவியின் பெயர்.

கல்லறைக் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தது. கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடித்ததும் நிழல் விழுந்து படிக்க முடிந்தது. (மாவு, சோப்பு நுரையெல்லாம் தடவாதீர்கள், கல் கெட்டுவிடும்.) இறந்த தேதியோடு, வாழ்ந்தது இத்தனை வருஷம், மாதம், நாள் என்றும் செதுக்கியிருந்தார்கள். கழித்ததில் பிறந்த தேதி கிடைத்தது.

அப்புறம்தான் நீதிமன்றக் காகிதங்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் பொருட்களுக்கு அக்கம்பக்கத்தார் விலை போடுவார்கள். கடனை அடைக்க ஏலம் நடக்கும். 1852க்கு முன்பு ஓஹையோவில் இதைப் பார்த்தது காமன் ப்ளீஸ் நீதிமன்றம். அதனால் ப்ரொபேட் (இறந்தவர் சொத்து வழக்குகளுக்கான நீதிமன்றம்) என்று மட்டும் தேடி நிறுத்திவிடக் கூடாது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் இந்த மாதிரி ஆவணங்களின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

அவருடைய ஏலப் பட்டியலில் குதிரை, கலப்பை, கோடரி, பசு, கிடாரி, இறகு மெத்தை, ராட்டை. எதை யார் எடுத்தார் என்பதும் வரிசையாக இருக்கிறது. ராட்டைக்கு நேரே மனைவியின் பெயர். அந்த அம்மாள் தினமும் நூற்ற ராட்டை, ஆனால் சட்டப்படி புருஷன் சொத்து. அதை ஏலத்தில் காசு கொடுத்து மீட்டிருக்கிறார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். “பசுவை யார் எடுத்தது?” என்றுதான் முதலில் கேட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர்.

கடன் சீட்டுகளில் வைத்தியருடையதும் ஒன்று: சின்கோனா பட்டை, வந்துபோன கூலி. சையோட்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் அப்போது மலேரியா சர்வசாதாரணம், அதற்குக் கொடுத்த மருந்து அந்தப் பட்டை. காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

தாய் உயிரோடு இருந்தும் பையனுக்கு நீதிமன்றம் வேறொருவரைக் கார்டியனாகப் போட்டிருக்கிறது. அந்தக் கால வழக்கம் அது. பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான் இதற்கு வருவார்கள். அந்த அம்மாளின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம் என்று, இப்போது அந்தப் பெயரை வைத்துக் கவுண்டி வரிப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் யாரென்று தெரிந்துவிட்டால் அந்த அம்மாளின் பிறந்த வீடும் பிடிபட்டுவிடும்.