சின்னப்பாலத்துப் பாசியும் எலி முதுகுல ஒட்டுன தோலும்

எங்க அம்மா பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போனவங்க. விரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு கண்ணாடியப் போட்டுட்டு முங்கி, பாறையில இருக்குற மரிக்கொழுந்துப் பாசியப் பிச்சு இடுப்புப் பையில போட்டுட்டு மேல வருவாங்க, என்னதான் துணி சுத்துனாலும் விரல் நுனியெல்லாம் கிழிஞ்ச கோடாத்தான் இருக்கும். அந்தப் பாசி எங்க போவுது எதுக்குப் போவுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஏவாரி வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாரு, அவ்ளோதான்.

1997ல மதுரை காமராஜர் யுனிவர்சிட்டில இம்யூனாலஜி, அதான் ஒடம்போட எதிர்ப்புச் சக்தியப் பத்துன படிப்பு, சேந்தேன். மொத பிராக்டிகல், கண்ணாடித் தட்டுல அகார்ங்கற ஜெல்லிய ஊத்தி, ஆறுனதும் சின்னச் சின்னக் குழியா வெட்டி, ஒரு குழியில ஆன்டிஜென், அதாவது ஒடம்பு அன்னியம்னு கண்டுக்குற பொருள், எதிர்க் குழியில முயல் சீரம், ரத்தம் உறைஞ்சப்புறம் தெளிஞ்சு நிக்கிற தண்ணி, அந்தப் பொருளப் புடிக்க ஒடம்பு செய்யிற ஆன்டிபாடி அதுலதான் இருக்கும். மறுநாள் வந்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ரெண்டு குழிக்கும் நடுவுல தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் வழியில சந்திச்சு அங்கயே படிஞ்சு நிக்கிற எடம் அது. இந்த அகார் எதுலண்ணே செய்யிறாங்கன்னு லேப் அண்ணன்கிட்ட கேட்டேன், "கடப்பாசிம்மா, உங்க ஊருப் பக்கந்தான்"ன்னாரு. அன்னைக்கு ஹாஸ்டல்ல எனக்குச் சோறு எறங்கல.

முயல் சீரத்துல ஆயிரம் வகை ஆன்டிபாடி கலந்து கெடக்கும். ஒரே ஒரு வகைய மட்டும் தீராம எப்படி எடுக்குறதுங்கறதுக்கு வழி கண்டுபுடிச்சது 1975ல, கேம்பிரிட்ஜ்ல கோலரும் மில்ஸ்டைனும். ஆன்டிபாடி செய்யிற செல்ல வெளிய எடுத்து வளத்தா சீக்கிரம் செத்துரும், கேன்சர் செல்லு சாவாது, ரெண்டையும் ஒண்ணா ஒட்டவச்சா சாவாம ஆன்டிபாடி குடுத்துக்கிட்டே இருக்குற ஒரு செல்லு. அதுக்குப் பேரு ஹைப்ரிடோமா. 1984ல நோபல் குடுத்தாங்க. அதுக்கு பேட்டன்ட் எடுக்காமலே விட்டுட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் பொலம்புறவங்க இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்ல, பேட்டன்ட் இருந்திருந்தா மதுரையில ஒரு எம்எஸ்சி புள்ள கையில அது வந்திருக்குமான்னு தெரியல.

அப்புறம் இங்கிலாந்துல ஒரு லேப்ல பிஎச்டி. வேலை, எலிக்குத் தோல் ஒட்டுறது, அடுத்தவங்க உறுப்ப காலம் பூரா மருந்து இல்லாம ஒடம்பு ஏத்துக்குமான்னு பாக்குறதுக்கு. கருப்பு எலியோட வாலுத் தோல்ல ஒரு சின்னத் துண்ட வெட்டி எடுத்து பழுப்பு எலியோட முதுகோரமா வச்சு, வாசலின் துணி போட்டு, கட்டுப் போட்டு விட்டுரணும். ஒரு வாரங் கழிச்சுக் கட்டப் பிரிப்போம், அப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும், ரோஸ் கலர்ல. அதுக்கு அடுத்த நாலஞ்சு நாள்ல தான் தெரியும், மருந்து குடுக்காத எலில அது கருத்து, வெயில்ல கெடந்த கருவாடு மாதிரி வெறைச்சு, பொருக்காகி உதுந்துரும். எதுத்தாப்ல, எதிர்ப்புச் சக்தியோட படையாளு மாதிரி இருக்குற டி செல்லுல, சிடி4ங்கற குறி உள்ள வகைய கொல்லாம சும்மா பொத்தி மட்டும் வைக்கிற ஆன்டிபாடிய மூணு வாரம் போட்ட எலிகள். அதுல தோல் நின்னுச்சு. மூணு மாசம் கழிச்சு, மருந்தெல்லாம் ஒடம்புல இருந்து போனப்புறமும், பழுப்பு முதுகுல ஒரு கருப்பு முடிக்கொத்து சும்மா அடர்த்தியா வளந்து நின்னுச்சு. அதே கருப்பு எலிகிட்ட இருந்து இன்னொரு துண்டு வச்சாலும் ஏத்துக்கும், வேற வகை எலித் தோல வச்சா ரெண்டு வாரத்துல தூக்கி எறிஞ்சிரும். ஆக எதிர்ப்புச் சக்தி செத்துப் போகல, ஒரு ஆள மட்டும் வீட்டாளா சேத்துக்கிட்டுச்சு. அத விட பெரிய விஷயம், பழகுன எலிக்குள்ள புது டி செல்ல விட்டாலும் அந்தப் புது செல்லும் பழசுகிட்டப் பழகிக்கும், போட்டுக்குப் புதுசா வந்த பையன் பெரிய ஆளுங்களப் பாத்துப் படிக்கிற மாதிரி. அத 1993லயே சயின்ஸ் பத்திரிகையில போட்டுட்டாங்க, நாங்க செஞ்சது அதுக்கு மேல கொஞ்சம். அந்தப் படிப்பிக்கிற செல்லுகள் எதுன்னு ஜப்பான்ல சகாகுச்சி 1995ல காமிச்சாரு, 2025ல அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் வந்தப்ப பாம்பன்ல உக்காந்து டிவில பாத்தேன்.

சரி, மனுசனுக்கு ஏன் ஆகல? எலி சுத்தமான கூண்டுல வளருது, அதுக்கு சளி காய்ச்சல்னு ஒண்ணும் தெரியாது. நம்ம ஒடம்பு சின்ன வயசுல இருந்து பாத்த ஒவ்வொரு கிருமியையும் ஞாபகம் வச்சிருக்கு, அந்த ஞாபக செல்லுல சிலது புது கிட்னியப் பாத்தும் பழைய எதிரின்னு நெனச்சு அடிக்கும். அதுங்களப் பழக்குறது ரொம்பக் கஷ்டம்.

2006 மார்ச்ல லண்டன்ல ஆறு பேருக்கு டிஜிஎன்1412ன்னு ஒரு ஆன்டிபாடி போட்டாங்க. நான் சொன்ன அந்தப் படிப்பிச்சு சமாதானம் பண்ற செல்லுகளப் பெருக்கும்னு நெனச்ச மருந்து. கொரங்குல ஒண்ணும் ஆகல, அதுல தாங்குன அளவுல ஐநூறுல ஒரு பங்குதான் இவங்களுக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆறு பேருக்கும் ஒடம்பு பூரா கொதிச்சுச்சு, அப்புறம் ஐசியு. கொரங்கோட ஒரு வகை ஞாபக டி செல்லுல அந்த மருந்து ஒட்டுற எடமே இல்ல, நம்மளுதுல இருக்குங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. உயிர் போகல. அன்னைக்கு எங்க லேப் டீ ரூம்ல யாரும் பேசல, எங்க புரொபசர் கப்பக் கழுவிட்டு மறுபடி கழுவுனாரு.

அடிக்கிற ஆன்டிபாடி செய்ய நமக்கு நல்லா வருது, பழக்குற ஆன்டிபாடிதான் வரல. கேம்பாத்தையே பாருங்க. எலும்பு மஜ்ஜை மாத்தும்போது குடுக்குறவரோட டி செல்ல எடுத்துப் போடறதுக்குன்னு கேம்பிரிட்ஜ் பேத்தாலஜில 1980 வாக்குல செஞ்ச எலி ஆன்டிபாடி, 1988ல கிரெக் விண்டர் ஆளுங்க அத மனுச ஆன்டிபாடியா மாத்துனாங்க, 2001ல ரத்தப் புத்துநோய்க்கு அனுமதி, அப்புறம் நரம்பு வியாதி எம்எஸ்சுக்கு. கிட்னிக்கும் போட்டுப் பாத்தாங்க, உறுப்பு மாத்துற டாக்டர் ராய் கேல்ன் அதுக்கு வச்ச பேரே "ஏறக்குறைய பழகுனது"ங்கற அர்த்தத்துலதான், மாத்திரை கொறஞ்சுச்சு ஆனா நிக்கல. நெத்திலிக்கு விட்ட வலையில சீலா விழுந்த கதை. சீலா வந்தா யாரும் திருப்பி வீச மாட்டாங்க, ஆனா நெத்திலி வரல.

நான் ஊருக்குத் திரும்பி ஒரு கம்பெனில ஹைப்ரிடோமா வேலை பாத்தேன். பொங்கல் லீவுல, செல்லுகள உறைய வச்சிருந்த நைட்ரஜன் டேங்க் வத்திப் போயி, மூணு வருசமா வளத்த குளோன், அதான் ஒரே செல்லுல இருந்து பெருக்குன செல்லுங்க, அத்தனையும் போச்சு. ரெஜிஸ்டர்ல தினமும் டிக் இருந்துச்சு, டேங்க்ல நைட்ரஜன் இல்ல. டிக் போட்டவங்களத் திட்டுனேன், ஆனா இன்னொரு எடத்துல ஒரு செட்டு வைக்கணும்னு எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தவளே நாந்தான், வைக்காதவளும் நாந்தான்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எங்க சித்தப்பாவுக்கு 2009ல மதுரையில கிட்னி வச்சாங்க, குடுத்தது அப்பத்தா. அப்பத்தா போயி ஆறு வருசமாச்சு, கிட்னி இன்னும் ஓடுது. ஓட வைக்கிறது நான் செஞ்ச எதுவும் இல்ல, ஜப்பான்ல சுகுபா மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியாவுல 1984ல கண்டுபுடிச்ச டாக்ரோலிமஸ், காலையில எட்டு மணிக்கு ராத்திரி எட்டு மணிக்கு. அது போட்டா கை நடுங்கும். சித்தப்பாவுக்கு வலை பொத்துறதுதான் இப்ப வேலை, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வீட்டு வாசல்ல உக்காந்து கிழிஞ்ச கண்ணியப் பாத்துப் பாத்து முடிவாரு, ஊசியில நூலு மட்டும் ஏறாது.

போன மாசம் கேட்டாரு, "ஏம்மா, ஒன் எலிக்கு மட்டும் மாத்திரை வேணாமாக்கும்?"

அது சளி புடிக்காத எலி சித்தப்பான்னேன். சிரிச்சாரு. ஒரு தடவ வெறுத்துப் போயி பத்து நாளு மாத்திரைய நிறுத்திட்டு கிட்னி கெடுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்தத்துல ஏறி ஆஸ்பத்திரில கெடந்த மனுசன், அதுனால சிரிப்ப நம்பாம பையில மாத்திரை அட்டைய எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. பம்பளிமாஸ் சாப்பிட்டீங்களான்னேன், அது மருந்த ரத்தத்துல ஏத்தி விட்டுரும்னு எத்தன வாட்டி சொல்லியாச்சு. ஒரே ஒரு சுளைன்னாரு.

எட்டு மணி அலாரம் அடிச்சுச்சு. மாத்திரைய முழுங்கிட்டு, இத கோத்துக் குடுன்னு ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டுனாரு.