எட்டிலிருந்து ஐந்துக்கு: சாட்டிவெக்ஸ் கிடைத்த கதை

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோயில் நடை தளர்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரவில் கால்கள் விறைத்துக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவைக் கூட்டினால் விறைப்போடு காலில் இருந்த பலமும் போய்விடும். காபாபென்டின் பகலெல்லாம் தூங்க வைத்தது. இரண்டும் சரிவராத பிறகே நரம்பியல் மருத்துவர் சாட்டிவெக்ஸ் பேச்சை எடுத்தார்.

பிரிட்டனில் 2010 முதல் உரிமம் பெற்ற ஸ்பிரே மருந்து இது. கஞ்சாச் செடியின் இரு சேர்மங்கள் ஏறக்குறைய சம அளவில் இருக்கும்: வாய்க்குள் ஒரு முறை அடித்தால் 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 மில்லிகிராம் சிபிடி. விலைக்கேற்ற பலனில்லை என்று 2014இல் ஒதுக்கிய, அரசு மருத்துவச் சேவைக்கு மருந்துகளைப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு, 2019இல் நிபந்தனையோடு அனுமதித்தது. நான்கு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும். 0 முதல் 10 வரை நாமே போடும் மதிப்பெண்ணில் விறைப்பு 20 சதவீதமாவது குறைந்தால்தான் மருந்து தொடரும்.

என் தொடக்க மதிப்பெண் 8, ஆகவே 6.4க்காவது இறங்க வேண்டும். விறைப்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நானே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். காலுறை மாட்ட முழங்கால் தானாக மடங்கினால் ஐந்து. கணவர் பிடித்து மடக்க வேண்டியிருந்தால் எட்டு. மருந்து வேண்டும் என்ற ஆசையில் கை தானாகக் குறைத்து எழுதப் பார்க்கும். அதனால் எழுதும் வேலையை அவரிடமே விட்டேன்.

முதல் நாள் மாலையில் ஒரே ஒரு முறைதான் அடிக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் வரை மெல்ல ஏற்றலாம். நாளொன்றுக்கு 12 முறைதான் உச்சம். ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புதினா வாசனை முன்னால் வரும், பின்னாலேயே ஆல்கஹாலின் எரிச்சல். நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் என்று இடத்தை மாற்றாவிட்டால் வாய் புண்ணாகிவிடும். ஏற்றும்போது தலை சுற்றியது. ஒரு படி இறங்கியதும் நின்றது. ‘போதை ஏறுமா?’ என்று ஆவலோடு கேட்ட உறவினர்களுக்கு ஏமாற்றம்தான்.

நான்காம் வார முடிவில் சராசரி ஐந்து. ஆனால் தொடர்ந்து எழுதித்தர எங்கள் குடும்ப மருத்துவர் மறுத்துவிட்டார். மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்குகிறேன். கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் சீட்டு 28 நாள்தான் செல்லும். தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: அளவு நிலைப்படும்வரை கார் ஓட்டாதீர்கள். வெளிநாடு போகும் முன் அந்நாட்டுச் சட்டத்தை விசாரியுங்கள். திறக்காத குப்பி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். திறந்ததை வெளியே நிமிர்த்தி வைத்து, திறந்த தேதியை ஒட்டிவிடுங்கள். 10 மில்லி குப்பியானால் 42 நாளுக்குப் பிறகு மீதி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.