கூம்பு நிற்கும் இடம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கள் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம். செப்டம்பர் 14. இந்த வருடம் தூரம் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதிவுப் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொன்றாவது பெயர் அந்த அக்காவுடையது. 'உங்கள் சிறந்த நேரம்' என்ற கட்டத்தில் 59:48 என்று போட்டிருக்கிறார். மேற்கொண்டு பார்க்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பாதை அளக்கச் சொல்லிக்கொடுத்த சார், ஆஸ்பத்திரியில், இன்றும் பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சைக்கிளின் சாவியை வீட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிவதற்கு முன்பே தம்பியும் நானும் பாதையில் இருந்தோம். முதல் வேலை பாதையை அளப்பது அல்ல, சைக்கிளை அளப்பது. நேரான சாலைத் துண்டில் இரும்பு நாடாவை இழுத்துப் பிடித்து 300 மீட்டர் குறித்து, அதன் மேல் சார் சைக்கிளை நான்கு முறை ஓட்டினேன். முன் சக்கரத்து அச்சில் ஜோன்ஸ் கவுண்டர் இருக்கிறது. 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்பவரும் அவர் மகன் கிளேனும் சேர்ந்து செய்த கருவி. சக்கரம் ஒரு சுற்று வந்தால் இருபது சொச்சம் எண்கள் நகரும், அதாவது ஒரு எண்ணுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. உலகத்துப் பெரிய மாரத்தான்களையும் இப்படிச் சைக்கிளில்தான் அளக்கிறார்கள். காலையில் 300 மீட்டருக்கு 3,372 வந்தது.

அப்புறம் பாதை. ஓடுகிறவர் எந்த மிகக் குறுகிய கோட்டில் ஓட முடியுமோ அந்தக் கோட்டில் ஓட்ட வேண்டும். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, வளைவு முடிந்ததும் அடுத்த வளைவின் ஓரத்தை நோக்கி ஒரே நேராக. சாலையின் நடுவில் சுகமாகப் போக மனசு இழுக்கும். சார் பின்னால் உட்கார்ந்து "ஓரம், ஓரம்" என்று சொல்வது போலவே இருந்தது. அளந்ததற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் 10 மீட்டர் கூட்ட வேண்டும். அளவில் எங்கேயாவது சிறு பிசகு நடந்தாலும் பாதை குறைந்துவிடாமல் இருக்க அந்தப் பத்து மீட்டர்.

திரும்பும் இடத்தில் நானே ஆணி அடித்தேன். தார் இன்னும் குளிர்ந்திருந்தது, நாலாவது அடியில்தான் இறங்கியது. ஆணித் தலைக்குக் கீழே ஒரு வாஷர், சுற்றி மஞ்சள் பெயின்ட். பக்கத்து மின்கம்பத்திலிருந்து நாடா பிடித்து எழுதிக்கொண்டேன்: 6 மீட்டர் 40. பெயின்ட் அழிந்தாலும், ஆணியை யாராவது பிடுங்கினாலும், கம்பம் இருக்கும்.

முடித்துவிட்டு வந்து மறுபடி 300 மீட்டரை நான்கு முறை. வெயில் ஏறி டயரில் காற்று விரிந்திருந்ததால் 3,369. இரண்டில் கூடுதலான எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், அப்போதுதான் பாதை குறையாது. தம்பி அதை மூன்று தடவை கேட்டுப் புரிந்துகொண்டான். பொறுமையாகத்தான் சொன்னேன். போன வருடம் இப்படி ஒருவனுக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 20, புதன்

80 மீட்டர்.

போன வருடம் பாதை அவ்வளவு குறைந்தது: போகும்போது நாற்பது, வரும்போது நாற்பது. திரும்பும் கூம்பை ஒரு மீட்டர் நகர்த்தினால் தூரம் இரண்டு மீட்டர் மாறும் என்பது எனக்குத் தெரியும். அங்கே நின்ற பையனுக்குத் தெரியாது. அவனுக்கு வெயில் தாங்கவில்லை, நாற்பது மீட்டர் இந்தப் பக்கம் ஒரு மரம் இருந்தது, திரும்புகிறவர்களுக்கும் நிழல் கிடைக்கட்டும் என்று கூம்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மஞ்சள் வட்டம் எதற்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, யாரோ அனுப்பிய புகைப்படத்தில்தான் பார்த்தேன். கூம்பு மரத்தடியில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அந்த அக்கா மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். 59:48 என்று பலகையில் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் ஓடிய வேகத்தில் 80 மீட்டருக்கு 29 விநாடி. 59:48-உடன் 29. அறுபது நிமிடம் பதினேழு விநாடி. இந்தக் கூட்டலை எத்தனை முறை போட்டாலும் பதினேழுதான் வருகிறது.

1981-இல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலசார் 2:08:13-இல் ஓடி உலக சாதனை என்றார்கள். பிறகு பாதையை அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 150 மீட்டர் குறைந்தது. சாதனை போய்விட்டது. அவர் காலில் குறை எதுவும் இல்லை, பாதையில்தான். அங்கேயாவது வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் பதினொரு மாதமாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

டி-ஷர்ட் வந்துவிட்டது. சின்ன அளவுகள் மட்டும் இரட்டிப்பாக. திருப்பி அனுப்ப நேரம் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கூட்டம். ஒன்றரை மணி நேரத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். சாலைக்கு அனுமதி அதுவரைதான், தன்னார்வலர்களுக்குக் கால் வலிக்கிறது, முடிவுக் கோட்டு அலங்கார வளைவைக் கழற்ற ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் உண்மைதான். சாலையைத் திறந்துவிடுங்கள், பின்தங்கியவர்கள் நடைபாதைக்கு மாறட்டும், ஆனால் கோடும் கடிகாரமும் ஒரு ஆளும் இருக்க வேண்டும் என்றேன்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானைப் பற்றிச் சொன்னேன். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, வென்றவர் முடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆன பிறகு 57-ஆவதாக, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அவர் வரும்போது அங்கே கோடு இருந்தது. வேறென்ன சொல்ல. ஒரு அக்கா மட்டும் "நான் நிற்கிறேன்" என்றார். ஒரு ஆள் போதும்.

ஆகஸ்ட் 30, சனி

தண்ணீர்க் கணக்கு. 312 பேர். 2.5, 5, 7.5 என்று மூன்று இடம், ஆளுக்கு இரண்டு கோப்பை (ஒன்று வாய்க்கு, ஒன்று தலைக்கு). 1,872. இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கோப்பைதான் ஊற்ற வேண்டும், முழுதாக ஊற்றினால் ஓடுகிறவர் முகத்தில்தான் விழும்.

போய்த் திரும்பும் பாதை என்பதால் 2.5-உம் 7.5-உம் ஒரே இடம். மெதுவாகப் போகிறவர்களும் வேகமாகத் திரும்புகிறவர்களும் ஒரே நேரத்தில் அங்கே கூடுவார்கள். போன வருடம் ஒரே மேசை போட்டோம். திரும்பியவர்கள் இரண்டு மூன்றாக அள்ளிக்கொண்டு போனார்கள், கடைசி முப்பது பேருக்கு வெறும் மேசை. வெயிலில் அதிக நேரம் இருக்கப்போவது அவர்கள்தான். இந்த வருடம் சாலைக்கு இரு பக்கமும் மேசை, போகும் பக்கத்துக்கு மட்டும் தனியாக இரண்டு கேன், அதை யாரும் தொடக் கூடாது. அதே சமயம் வேண்டியதற்கு மேல் குடிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், நூற்றில் 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் அளவுக்கு மீறிக் குடித்ததால். 10 கிலோமீட்டரில் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் தாகத்துக்குக் குடித்தால் போதும் என்று பலகை எழுதி வைக்கப்போகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

மருத்துவர் வந்து அரை மணி நேரம் பேசினார். நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று இரண்டு இடத்தில் தெரிந்தது.

ஒன்று, கோட்டைத் தாண்டியதும் விழுகிறவர்கள். ஓடும்போது கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி தலை சுற்றும். ஆகவே கோட்டுக்கு அப்பால் நீளமான வழி விட வேண்டும், யாரும் நிற்கக் கூடாது, நடந்துகொண்டே போக வேண்டும். நாங்கள் மெடல் கொடுக்கும் இடத்தை நேராகக் கோட்டுக்கு அருகில் வைத்திருந்தோம். நாற்பது அடி தள்ளி மாற்றிவிட்டேன்.

இன்னொன்று, கோட்டுக்கு முன்பே தள்ளாடுகிறவர், பேச்சு குழறுகிறவர். அது வேறு. உடம்புக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கழுத்து வரை. பெரிய தொட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

இது பயன்படாமல் கிடக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

சார் பேசினார்! "ஓரத்தை ஒட்டிப் போனியா?" அவ்வளவுதான். ஆமாம் சார் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைப் பயிற்சி முடிந்து அந்த அக்கா ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "அக்கா, போன வருஷம் பாதை எண்பது மீட்டர் கம்மி" என்றுதான் வந்தது.

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு கேட்டார், "எப்போ தெரியும் தம்பி?"

ஒரு வாரத்திலேயே தெரியும் என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. மற்ற ஷூவையும் கழற்றி, உள்ளே கிடந்த மணலைத் தட்டினார். "வீட்ல அந்த நம்பர் அட்டையை மாட்டி வச்சிருக்கேன். என் பொண்ணு அதுல நேரத்தைப் பேனாவால எழுதினா." நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணக்கைக் கேட்டார், சொன்னேன். 60:17. ஒவ்வொருவர் நேரத்தையும் தனியாகப் பதியும் சிப் நமக்குக் கிடையாது, துப்பாக்கிச் சத்தத்திலிருந்துதான் நேரம் ஓடும், நீங்கள் பின்வரிசையில் நின்றதில் சில விநாடி போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். அது நான் தப்பிக்கும் வழி.

எழுந்திருக்கும்போது கேட்டார், "இந்த வருஷம் கூம்புகிட்ட யார் நிக்கிறாங்க?"

நான் என்றேன். அந்த நிமிடம் வரை அப்படி ஒரு திட்டமே இல்லை. நான் தொடக்கக் கோட்டில் மைக்கோடு நிற்க வேண்டியவன்.

செப்டம்பர் 8, திங்கள்

குழுவில் சொன்னேன். போன வருடம் ஓடிய எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட்டோம்: தூரம் 9,920 மீட்டர். பதினாறு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் கோபம். அது நியாயம்.

செப்டம்பர் 10, புதன்

வானிலை. இன்று மட்டும் பதினொரு முறை.

செப்டம்பர் 12, வெள்ளி

எண் அட்டைகள். ஆளுக்கு நான்கு ஊக்கு, 1,248. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து நான்கு நான்காகக் கோத்துக் கொடுத்தார்கள். அட்டையின் பின்பக்கம் அவசர எண்ணும் ஒவ்வாமையும் எழுதாமல் யாருக்கும் அட்டை இல்லை. அடியில் கிழிக்கும் துண்டு. கோட்டைத் தாண்டியதும் வந்த வரிசையிலேயே கிழித்துக் கம்பியில் கோக்க வேண்டும். நேரம் எழுத இருவர், இரண்டு ஸ்டாப் வாட்ச், ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கும்.

சார் எத்தனையாவது மாடிக்கு மாற்றப்பட்டார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

அந்தப் பையன் வந்தான். இந்த வருடமும் கூம்புக்கே வருகிறேன் என்றான். அழைத்துக்கொண்டு போய் ஆணியைக் காட்டினேன். குனிந்து வாஷரை விரலால் தடவிப் பார்த்தான். கம்பத்திலிருந்து நாடாவை அவனையே பிடிக்கச் சொன்னேன். 6 மீட்டர் 40. "இதுக்காகவா அண்ணா" என்றான். பெரிய குடை ஒன்று கொடுத்திருக்கிறேன். வெயிலில் ஒருவனை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு நிழலையும் கொடுக்காமல் இருந்தது யார் தவறு?

தூக்கம் வராது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூம்புக்கு அருகிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், போனில்.

6:00-க்குத் துப்பாக்கிச் சத்தம் இங்கே கேட்கவில்லை. மைக்கில் வேறொருவர் பேசியிருப்பார். முதல் ஆள் பதினெட்டு நிமிடத்தில் வந்து ஆணியைச் சுற்றிப் போனார், மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு கும்பல் கும்பலாக. பையன் ஒவ்வொருவருக்கும் "சூப்பர், பாதி முடிஞ்சுது" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கூம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்கிறான்.

அந்த அக்கா 29:31. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கீழே மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார், கூம்பை ஒட்டித் திரும்பினார், போய்விட்டார். என்னைப் பார்த்தாரா தெரியவில்லை.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். கடைசியாக ஒரு பெரியவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன். ரெண்டு பக்கமும் இருந்துச்சு தம்பி என்றார். சாலையைத் திறந்துவிட்டார்கள், அவர்களை நடைபாதைக்கு ஏற்றிவிட்டேன்.

அக்காவின் நேரம் இந்நேரம் பலகையில் இருக்கும். போனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்கவில்லை. பையன் குடையை மடக்குகிறான். கூம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடக்க வேண்டும், ஐந்து கிலோமீட்டர்.