திருப்பூர் பனியன் தொழிலில் மணிக்கூலியைக் கணக்கெடுப்பது

பனியன் கம்பெனியில் மணிக்கு எவ்வளவு கூலி என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஷிப்டுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். கூலி மாதாமாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு தொடராகப் பார்க்க வேண்டுமானால், மணிக்கூலியை நாம்தான் வகுத்து எடுக்க வேண்டும். தொகையில் அதிகம் பிசகாது. சனிக்கிழமை கைக்கு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கணக்கு கெடுவது மணியில்தான்.

ஒன்றரை ஷிப்டை எடுத்துக்கொள்வோம். பேச்சில் அது 12 மணி நேரம். காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்குகிறவருக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி போனால் 11. இரண்டு டீ நேரத்துக்கு அரை மணியும் கழித்தால் பத்தரை. ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரைக்கு 720. அதை 12-ஆல் வகுத்தால் 60 ரூபாய், 11-ஆல் 65.45, பத்தரையால் 68.57. ஒரே ஆள், ஒரே கூலி, மூன்று விடை. எங்கள் வழக்கம், சாப்பாட்டு நேரத்தைக் கழித்து டீ நேரத்தைச் சேர்த்துக்கொள்வது. வேறு வழக்கமும் சரிதான், நடுவில் மாற்றாதவரை. இரவு ஒன்பதுக்கு விடும் கம்பெனியும் உண்டு என்பதால் ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். "எத்தனை ஷிப்ட்?" என்று மட்டும் கேட்டால் அந்த அரை மணி காணாமல் போய்விடும்.

மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை மடங்குதான் கொடுத்தார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். சட்டப்படி வந்திருக்க வேண்டிய தொகையைப் போட்டுச் சரிசெய்தால் அது கூலிக் கணக்காக இருக்காது.

பீஸ் ரேட் இன்னும் வம்பு. பிளாட்லாக் என்ற தையல் மெஷினில் உட்காரும் டெய்லர் ஒருவர் பீஸுக்கு 1.20 வீதம் 620 பீஸ் அடித்தால் 744 ரூபாய். 11 மணிக்கு வகுத்தால் 67.64. கட்டிங் பீஸ் வராமல் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று அதைக் கழித்து ஒன்பதால் வகுத்தால் 82.67 ஆகிவிடும். காத்திருந்த நேரமும் அவர் கம்பெனிக்குள் இருந்த நேரம்தான், கழிக்கக் கூடாது. ஆல்டர் பீஸை, அதாவது தையல் சரியில்லை என்று திரும்பி வந்ததை, பிரித்துத் தைத்த நேரமும் அப்படியே. காண்ட்ராக்ட்காரர் மூலம் வேலை என்றால் அவர் கம்பெனியில் வாங்கும் ரேட்டை எழுதாதீர்கள். ஆளின் கைக்கு வரும் ரேட் வேறு.

பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு. தீபாவளி போனஸைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். வாரக்கூலியோடு சேர்த்தால் அந்த மாதம் மட்டும் வரைபடம் எகிறும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி விடுதி இருந்தால், இலவசமா வாடகை பிடிக்கிறார்களா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு வாரம் போதும், ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே வாரம். பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரம் உதவாது.

சராசரி போடும்போதுதான் பெரிய ஏமாற்று நடக்கும். 70 ரூபாயில் 40 டெய்லர், 45 ரூபாயில் 60 ஹெல்பர் என்றால் சராசரி 55. ஆர்டர் குறைந்து 30 ஹெல்பர்களை நிறுத்தினால் அது 59.29 ஆகிறது. ஒருவருக்கும் ஒரு பைசா கூடவில்லை. அதனால் பவர் டேபிள் (தையல்), கட்டிங், செக்கிங், அயர்னிங், கைமடி, பேக்கிங் என்று பிரிவுவாரியாக வைத்து, தொடக்க மாதத்து ஆள் விகிதத்தையே எடையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போடும் கூலி ஒப்பந்தத்தின் வீதத்தைப் பக்கத்தில் தனி வரிசையாக வைத்தால் எந்தப் பிரிவு ஒப்பந்தத்துக்கு மேலே, எது கீழே என்பது தெரியும்.

கூலி உயர்விலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்க்கத் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் (CPI-IW) பயன்படுத்தலாம். 2020 செப்டம்பரில் அதன் அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாறியது. அகில இந்தியக் குறியீட்டில் புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கினால்தான் பழையதோடு ஒட்டும். கோவை போன்ற மைய அளவிலான எண் என்றால் அந்த மையத்தின் இணைப்பு எண்ணைத்தான் எடுக்க வேண்டும், 2.88 அங்கே செல்லாது.

கம்பெனி ஒன்று மூடிவிட்டாலோ பதில் தராவிட்டாலோ போன மாத எண்ணை நகல் எடுத்து நிரப்பாதீர்கள். இரண்டு மாதமும் பதில் தந்த கம்பெனிகளை மட்டும் ஒப்பிட்டு அந்த ஏற்ற இறக்க விகிதத்தால் தொடரை நகர்த்துங்கள். புதிதாகச் சேரும் கம்பெனி அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கில் வரும்.