எம்ஜிபி எரிபொருள் அமைப்பு: டேங்க்கில் தொடங்கி கார்புரேட்டர் வரை

வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற 1966 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரானது, 1798 சிசி இன்ஜின், எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகை கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) இரண்டு. இப்படி ஒரு வண்டி வந்தால் எல்லாருடைய கையும் முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகும். நாங்கள் அதைக் கடைசிக்கு வைத்தோம். டேங்க்கில் துரு இருக்கும்வரை, எவ்வளவு சுத்தமாகக் கழுவி மாட்டினாலும் கார்புரேட்டர் மறுபடி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் போகும் வழியிலேயே வேலையும் போக வேண்டும்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, திறந்த வெளியில் பழைய பெட்ரோலை வடித்தோம். வார்னிஷ் நெடி அடித்தால் அது பிசினாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எம்ஜிபி டேங்க்கைக் கீழிருந்து மட்டும் பார்த்து நம்பக் கூடாது. டேங்க்கின் மேல்பக்கத்துக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே ஈர மண் தங்கி, வெளியிலிருந்து உள்ளே அரிக்கும். இறக்கி, மேல்தகட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் புது டேங்க்தான் சரி. உள்ளே சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் பூச்சு) ஊற்றிப் பிழைக்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வகை சீலன்ட் அதில் உரிந்து, ஏடு ஏடாக வந்து உறிஞ்சு குழாயை அடைக்கும். தகடு கெட்டியாக இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து, நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கழுவிய கையோடு காயவைத்தால் போதும். காலி டேங்க்கில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

ரப்பர் ஹோஸ் அத்தனையையும் மாற்றினோம். எத்தனால் பழைய ரப்பரை உள்பக்கம் உப்ப வைக்கும், விரிசல் விட வைக்கும். ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக் குறியீடு அச்சடித்திருக்க வேண்டும். இரும்புக் குழாயைக் காற்றடித்துப் பார்த்து, துருப்பொடி வந்தால் செம்பு-நிக்கல் குழாய் போட்டுவிடலாம். காகித ஃபில்டரைப் பம்ப்புக்குப் பிறகு வையுங்கள். எஸ்யூவின் மின்சார பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சும் பக்கம் தடை வந்தால் திணறும்.

பம்ப் வலப்புறப் பேட்டரிப் பெட்டிக்கு அருகே, வண்டிக்கு அடியில் இருக்கும். அது ஓடாததற்குப் பெரும்பாலும் பாயிண்ட்ஸ்தான் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் தொடுமுனைகள்) காரணம். லேசான கறுப்பு என்றால் கெட்டி அட்டைத் துண்டை நடுவே விட்டு இழுத்தாலே போய்விடும். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். காய்ந்து விறைத்த டயஃப்ரத்தையும் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) மாற்றினோம். டயஃப்ரத்தோடு சேர்ந்து அசையும் ஆர்மேச்சரைச் சுற்றியுள்ள 11 பித்தளை உருளைகள் கழற்றும்போது சிதறும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். புது டயஃப்ரத்தைப் பாயிண்ட்ஸ் தட்டாத அளவுக்கு உள்ளே திருகி, பிறகு மெல்ல வெளியே திருகி, சரியாகத் தட்டத் தொடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து டயஃப்ரத்தின் விளிம்பிலுள்ள திருகுத் துளைகளில் இன்னும் 4 துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, வெளியே. இந்த வருட வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். உள்ளே டையோடோ எலக்ட்ரானிக்ஸோ உள்ள பம்ப் வாங்கினால் துருவம் பார்த்து வாங்குங்கள். மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும்.

இக்னிஷன் போட்டதும் பம்ப் படபடவென்று தட்டி, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் தட்டுகிறது, பெட்ரோலும் வரவில்லை என்றால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. நிற்காமல் தட்டி, கிண்ணமும் வழிந்தால் ஃப்ளோட் (கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவை) ஊசி மூடவில்லை. ஹோஸைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டுப் பார்த்தால், அரை நிமிடத்தில் சுமார் அரை லிட்டர் குமிழி இல்லாமல் வர வேண்டும்.

இனி கார்புரேட்டர். இரண்டின் பிஸ்டன்களையும் மேல்மூடிகளையும் கலந்துவிடாதீர்கள். அவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. உப்புத்தாள் போடவும் கூடாது. ஃப்ளோட் மூடியைக் கவிழ்த்து, ஊசி மூடியிருக்கும் நிலையில், ஃப்ளோட் கைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 3.2 முதல் 4.8 மிமீ இடைவெளி வேண்டும். பெட்ரோல் வெளிவரும் ஜெட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் கலவை அடங்காது. ஜெட், நீடில் (பிஸ்டனோடு ஏறி இறங்கி ஜெட் வழியாக வரும் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது) இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். நீடிலின் தோள் பிஸ்டன் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும்.

அடுத்து ஜெட்டை நடுவில் நிறுத்துவது. இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஜெட் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஜெட்டை முழுக்க மேலே ஏற்றி, பெரிய லாக் நட்டைத் தளர்த்தி, மேல்மூடி உச்சியில் டேம்பர் (பிஸ்டனின் வேகத்தை ஆயிலால் தணிப்பது) இருக்கும் துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை மெல்ல அழுத்தியபடியே நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழும். ஜெட் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் சத்தம் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போது சத்தம் மந்தமானால் நீடில் உரசுகிறது; முதலிலிருந்து செய்யுங்கள்.

ஆரம்ப அமைப்பு: ஜெட் நட்டை முழுக்க மேலேற்றி, 2 சுற்று, அதாவது அறுகோண நட்டின் 12 பட்டை, கீழே இறக்குங்கள். டேம்பரில் 20 கிரேடு ஆயில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முதலில் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று காதில் ஹோஸ் வைத்துக் கேட்டுச் சமப்படுத்துங்கள். பிறகு பிஸ்டனை 0.8 மிமீ மட்டும் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கினால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. எவ்வளவு திருகியும் ஐட்லிங் நிலைக்கவில்லையா? த்ராட்டில் தண்டு தேய்ந்து, அதன் ஓரம் காற்று புகுகிறது. அதற்குப் புஷ் (தண்டைத் தாங்கும் உள்வளையம், bush) போடுவது ஒன்றே வழி.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். ஃபில்டரில் பழுப்புப் பொடி இருந்தால் டேங்க் இன்னும் உதிர்கிறது. ஓவர்ஃப்ளோ குழாய்களின் முனையையும் தொட்டுப் பாருங்கள். இந்த இன்ஜினில் கார்புரேட்டருக்கு நேர்கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. அந்த முனையில் ஈரம் இருந்தால், ஃப்ளோட் ஊசியைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.