மாற்றாந்தாய்க்கு ஒரு முன்கதை

தேவதைக் கதைகளைத் தொலைக்காட்சித் தொடர்களாக்கும் வேலையில் எங்கள் கதைப் பிரிவை முதலில் திணறடிப்பவள் பெரும்பாலும் வில்லிதான். உறங்கப்போகும் குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் கதையில், மாற்றாந்தாய் கொடியவள் என்ற ஒரே வாக்கியம் போதும். அதே கதை இருபது எபிசோடுகளுக்கு நீளும்போது, காரணமே இல்லாமல் கொடுமை செய்துகொண்டிருப்பவளை மூன்றாவது எபிசோடுக்கு மேல் எந்தப் பார்வையாளரும் நம்பமாட்டார். நடிப்பவருக்கும் பிடிமானம் இருக்காது. ஆகவே அவளுக்கொரு முன்கதை எழுதுகிறோம். பாத்திரங்கள் மாறுவதற்குக் காலத்தின் கொள்கைகளே காரணம் என்று வெளியே பேசப்படுகிறது. தொடரின் நீளத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பது எழுதுபவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஏழு சீசன்கள் ஓடிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ தொடரை எங்கள் விவாதங்களில் அடிக்கடி எடுத்துப் பேசுவோம். சிறுமி ஸ்னோ ஒயிட் வெகுளியாக ரெஜினாவின் காதல் ரகசியத்தை வெளியிட்டுவிட, அதை அறிந்த ரெஜினாவின் தாய் அந்தக் காதலனையே கொன்றுவிடுகிறாள். பிற்காலத்தில் ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயாகி, கொடிய அரசியாகும் ரெஜினாவின் வெறுப்புக்கு வேர் அங்கே இருக்கிறது. அரசியின் மேல் இரக்கம் வரவைப்பது அவ்வளவு கடினமன்று. நல்லவள் என்று முத்திரை பெற்றவளுக்கும் அந்தத் துயரில் ஒரு பங்கைக் கொடுத்த துணிவையே நான் வியக்கிறேன்.

மூலக்கதையைக் கெடுக்கிறோம் என்ற குற்றச்சாட்டு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். திருத்தி எழுதுவதைத் தொடங்கிவைத்தவர்கள் நாங்கள் அல்லர்.

நடிகர் தேர்வில் சிக்கல் வேறு வகையானது. 1997இல் ஏபிசி ஒளிபரப்பிய சிண்டரெல்லா இசைநாடகத்தில் கறுப்பினப் பாடகிகளான பிராண்டி நாயகியாகவும், விட்னி ஹூஸ்டன் வரமருளும் தேவதையாகவும் நடித்தனர். ஹூப்பி கோல்ட்பர்க் ஏற்ற கறுப்பின அரசிக்கும், விக்டர் கார்பர் ஏற்ற வெள்ளையின அரசருக்கும் மகனாக, ஃபிலிப்பைன்ஸில் பிறந்த பாவ்லோ மொண்டல்பான் வந்தார். கதைக்குள் எவரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. எங்கள் கூட்டங்களிலோ, ‘இவர் எப்படி இந்த அரண்மனையில் இருக்கிறார் என்று ஒரு வசனம் வைத்துவிடலாமே’ என்று இன்றும் யாராவது சொல்வார்கள். அந்த வசனத்தை எழுதினால், பாத்திரம் தான் அங்கே இருப்பதற்கே அனுமதி கேட்பது போலாகிவிடும் என்பதால் நான் மறுத்துவிடுவேன்.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, நிறம் மாறியும் வேலை மாறாத பாத்திரங்கள். நாயகிக்கு ஆறுதல் சொல்லவும் கடிதம் கொண்டுபோகவும் மட்டுமே ஒரு தோழி இருக்கிறாள். அவளுக்கென்று ஓர் ஆசையோ கோபமோ எந்தக் காட்சியிலும் இல்லை. விளம்பரப் படத்தில் அவள் முகம் மட்டும் பெரிதாக இருக்கும். அதனால் திரைக்கதையைப் படிக்கும்போது, அவள் எடுக்கும் முடிவால் ஒரு காட்சியாவது திரும்புகிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பேன்.

மிகக் குறைவாக மாறியிருப்பது உடலைப் பற்றிய பழக்கம். தீயவனுக்கு முகத்தில் தழும்பு, காலில் ஊனம் என்பது கதைசொல்லலில் ஊறிப்போன சுருக்குவழி. அவனுக்கு நேர்த்தியான முன்கதை எழுதிக் கொடுத்த பிறகும், ஒப்பனைக் குழுவின் வரைபடத்தில் அந்தத் தழும்பு மறுபடி முளைத்துவிடும். முதல் காட்சியிலேயே ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்பது இயக்குநர்களின் வாதம். அண்மையில் எழுதிய ஒரு தொடரில், அந்தத் தழும்பை வில்லனிடமிருந்து எடுத்து, அரசனின் நம்பிக்கைக்குரிய தளபதிக்குக் கொடுத்தேன். கதைச்சுருக்கத்தைப் படித்த தயாரிப்பாளர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, தளபதி எத்தனையாவது எபிசோடில் துரோகம் செய்யப்போகிறான் என்பது.